பச்சை விழுந்தும் வண்டி ஏன் நகர்வதில்லை?

மே மாதம் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் சென்னையில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: "ரோடே காலியா இருக்கு." உண்மையில் காலியாக இருக்காது. அலுவலகங்கள் நடக்கும், கடைகள் திறந்திருக்கும், தண்ணீர் லாரிகள் வழக்கம்போல் ஓடும். பள்ளி வேன்களும், பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் போகும் ஸ்கூட்டர்களும், பள்ளி வாசலில் இரண்டு வரிசையாக நிற்கும் கார்களும்தான் இருக்காது. மொத்த வண்டிகளில் அவை ஒரு சிறிய பங்கு. ஆனால் நேற்றுவரை முக்கி முனகிக் கடந்த அதே வழியில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். கொஞ்சம் வண்டி குறைந்ததற்கு நேரம் எப்படி இவ்வளவு குறைகிறது?

நெரிசலுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் மூன்று. வண்டிகள் பெருத்துப்போயின, சாலை போதவில்லை, நம் ஆட்களுக்கு ஒழுங்கு கிடையாது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மே மாதப் புதிருக்கு இவற்றில் விடை இல்லை. விடுமுறையில் சாலை அகலமாகிவிடவில்லை, ஒழுங்கும் திடீரென்று வந்துவிடவில்லை. விடை சிக்னலில் இருக்கிறது. நகரத்துக்குள் வண்டிகளின் ஓட்டத்தை அளந்து கொடுப்பது சந்திப்புகள்தாம். இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே இருக்கும் சாலை, பெரும்பாலும், அடுத்த சிக்னலுக்குக் காத்திருக்கும் இடம்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். சிக்னல்களின் கணிதத்தை ஒழுங்குபடுத்தியவர் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த வெப்ஸ்டர். 1958-ல் அவர் வெளியிட்ட அறிக்கையில் உள்ள சூத்திரங்களைத்தான் சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிகளும் இன்றுவரை பின்பற்றுகின்றன. அதில் ஓர் எளிய எண் உண்டு: 525. சிக்னலை நெருங்கும் சாலையின் அகலத்தை மீட்டரில் எடுத்து 525-ஆல் பெருக்கினால், விளக்கு விடாமல் பச்சையாகவே எரிந்தால் ஒரு மணி நேரத்தில் எத்தனை கார்கள் தாண்டும் என்பது கிடைக்கும். மூன்று தடம் கொண்ட 10.5 மீட்டர் சாலைக்கு ஏறத்தாழ 5,500 கார்.

ஆனால் விளக்கு எப்போதும் பச்சையாக இருக்காதே. நான்கு பக்கமும் வண்டி வரும் சந்திப்பில் ஒரு முழுச் சுற்று 120 விநாடி என்று வைத்துக்கொள்வோம். முக்கியச் சாலை என்பதால் நம் பக்கத்துக்குத் தாராளமாக 40 விநாடி பச்சை. அப்படியானால் ஒரு பச்சைக்கு 61 கார் போகலாம். ஒரு மணி நேரத்துக்கு 30 சுற்று, ஆக 1,830 கார். 5,500 கார் கொள்ளும் சாலை, சிக்னலுக்கு வந்ததும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பின்னால் எத்தனை கிலோமீட்டருக்குச் சாலையை அகலப்படுத்தி வைத்திருந்தாலும் இந்த 61 மாறாது.

கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிதான் இது. ஒரு பந்திக்கு 61 இலை. 58 பேர் வந்தால் எல்லோரும் உட்கார்ந்துவிடலாம். 66 பேர் வந்தால் 5 பேர் அடுத்த பந்திக்கு நிற்க வேண்டும். அடுத்த பந்திக்குப் புதிதாக வருகிறவர்களும் 66 பேர் என்றால், நிற்பவர்கள் 10 ஆகிவிடுவார்கள். வந்தவர்கள் கூடுதலாக இருப்பது நூற்றுக்கு எட்டுதான். ஆனால் அந்த எட்டு ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். ஒரு மணி நேரம் கழித்து 150 கார் தேங்கி நிற்கும். மூன்று தடத்தில் தடத்துக்கு 50 கார். ஒரு காருக்கு 6 மீட்டர் என்றால் 300 மீட்டர் நீள வரிசை. கடைசியில் நிற்பவர் இரண்டு பச்சையைக் கண்ணால் பார்த்துவிட்டு மூன்றாவதில்தான் தாண்டுவார். ஒரே சந்திப்பில் ஐந்து நிமிடம் போய்விட்டது. இப்படி நான்கு சந்திப்பு என்றால் இருபது நிமிடம்.

மே மாதத்தில் அந்த நூற்றுக்கு எட்டுதான் காணாமல் போகிறது. 66 என்பது 61-க்குக் கீழே இறங்கிவிட்டால் தேக்கமே உருவாகாது. (நிஜத்தில் வண்டிகள் எண்ணி வைத்தாற்போல் வருவதில்லை. ஒரு சுற்றில் கூடும், மறு சுற்றில் குறையும். அதனால் 61-ஐ நெருங்கும்போதே அவ்வப்போது வரிசை மிஞ்ச ஆரம்பித்துவிடும். ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான்.)

இதே கணக்கு இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கும். காலை பீக் அவர் ஒன்பதரைக்கு முடிந்துவிட்டது, பத்தரைக்குப் புறப்பட்டாலும் ஏன் நிற்க வேண்டியிருக்கிறது? ஒன்பதரைக்குப் பிறகு சுற்றுக்கு 58 வண்டிதான் வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு பச்சையிலும் 3 இடம் மிச்சம். தேங்கி நிற்கும் 150-ஐ இந்த மூன்று மூன்றாகக் கரைக்க 50 சுற்று வேண்டும், அதாவது 100 நிமிடம். கூட்டம் சேர ஒரு மணி நேரம், கரைய ஒன்றே முக்கால் மணி நேரம். "இந்த நேரத்துக்கு எங்கிருந்துதான் இவ்வளவு வண்டி வருதோ" என்று பத்தரை மணிக்கு நாம் அலுத்துக்கொள்ளும்போது, அந்த வண்டிகளில் பல அப்போது வந்தவையே இல்லை. முந்தைய ஒரு மணி நேரத்தின் பாக்கி.

இதுவரை சொன்னது சாதாரணத் தேக்கம். அப்புறம் வருவதுதான் வினை. 300 மீட்டர் வரிசை என்றேன். பின்னால் இருக்கும் சந்திப்பு 300 மீட்டருக்குள் இருந்தால் என்ன ஆகும்? வரிசையின் வால் அந்தச் சந்திப்புக்குள் நுழைந்துவிடும். அங்கே பச்சை விழும், ஆனால் போக இடம் இருக்காது. நாம்தான் விடமாட்டோமே, "நாம மட்டும் எதுக்கு நிக்கணும்" என்று நான்கு வண்டிகள் சந்திப்பின் நடுவே போய் நின்றுகொள்ளும். அதற்குள் அங்கே சிவப்பு விழுந்து குறுக்குச் சாலைக்குப் பச்சை வரும். அவர்கள் போக வேண்டிய திசையில் தேக்கமே இல்லாவிட்டாலும், நடுவில் நிற்கும் நான்கு வண்டிகளால் அவர்களுடைய பச்சையும் வீண். இப்போது குறுக்குச் சாலையிலும் வரிசை நீளும். அதன் வால் அதற்குப் பின்னால் உள்ள சந்திப்பை அடைக்கும். முதல் சந்திப்பில் சுற்றுக்கு ஐந்து வண்டி மிஞ்சியதில் தொடங்கி அரை மணி நேரத்தில் ஒரு பேட்டையே நின்றுவிடும்.

இந்தக் கட்டத்தில் பந்தி கணக்கும் செல்லாது, ஏனென்றால் இலைகளே குறைய ஆரம்பித்துவிட்டன. ஜப்பானின் யோகோஹாமா நகர மையத்தில் சாலைகளில் நிலையாகப் பொருத்திய உணரிகளையும் டாக்சிகளின் ஜிபிஎஸ் பதிவுகளையும் வைத்து 2008-ல் வெளியான ஆய்வு இதை ஒரு நகரப் பகுதி அளவிலேயே காட்டியது. ஒரு வட்டாரத்துக்குள் இருக்கும் வண்டிகள் கூடக்கூட, ஓரளவு வரை, வெளியேறும் வண்டிகளும் கூடும். அந்த அளவைத் தாண்டினால் வெளியேற்றம் குறைய ஆரம்பிக்கும். அதாவது மிக அதிகமாக வண்டிகளை வெளியேற்ற வேண்டிய நேரத்தில்தான் வட்டாரம் மிகக் குறைவாக வெளியேற்றும். சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மையப் பகுதி நிறைந்துவிட்டால் வெளி ஓரத்துச் சிக்னல்களிலேயே வண்டிகளைச் சற்று அதிக நேரம் பிடித்துவைப்பார்கள். வெளியே நிற்பவருக்கு எரிச்சல்தான். ஆனால் உள்ளே போய் எல்லோரோடும் சேர்ந்து நிற்பதைவிட அவர் சீக்கிரம் போய்ச் சேர்வார். பிரிட்டனில் 1967 முதல் சந்திப்பின் நடுவே போடும் மஞ்சள் கட்டமும் இதே நோயைத் தடுக்கத்தான்: அந்தப் பக்கம் இடம் இருந்தால் மட்டுமே உள்ளே நுழை. நம்மூரிலும் சில இடங்களில் அந்தக் கட்டம் பெயின்ட் அடித்திருக்கிறது. அது எதற்கு என்று எத்தனை பேரிடம் கேட்டாலும் பதில் வராது.

பச்சையைத் தின்பவர்கள்

40 விநாடி பச்சை என்றேன். அந்த 40-ம் முழுதாகக் கிடைப்பதில்லை. எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று பார்க்க, மாலை ஆறரைக்கு ஏதாவது ஒரு பெரிய சிக்னலின் நடைபாதையில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

பச்சை விழுவதற்கு நான்கைந்து விநாடி முன்பே டூவீலர்கள் நகர ஆரம்பித்துவிடும். கவுன்டவுன் எண்ணைப் பார்த்துக்கொண்டே நிறுத்தக் கோட்டைத் தாண்டி, வரிக்குதிரைக் கோடுகளையும் தாண்டி, சந்திப்பின் வாயிலேயே நிற்கும். பச்சை விழுந்ததும் முதல் ஐந்தாறு விநாடி அவற்றின் ராஜ்ஜியம். பிறகு கார்கள். சரியாகச் சொன்னால் இந்தப் பகுதியில் பெரிய சேதம் இல்லை, லாபம்தான். ஒழுங்காகத் தடத்தில் நிற்கும் ஊரில் அந்த இடுக்குகள் வீணாகப் போயிருக்கும்.

சேதம் இடது ஓரத்தில் நடக்கிறது. ஃப்ரீ லெஃப்ட் என்று பலகை வைத்திருப்பார்கள். ஆனால் நேராகப் போக வேண்டிய ஒரு கார், முன்னால் போய் நின்றால் சீக்கிரம் கிளம்பலாம் என்று இடது ஓரத்தில் வந்து நின்றிருக்கும். அதற்குப் பின்னால் இடது திரும்ப வேண்டியவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். திருப்பம் எப்போதும் திறந்திருக்கிறது, ஆனால் அதற்குப் போக வழி அடைந்திருக்கிறது.

சிக்னலைத் தாண்டியதும் பஸ் நிறுத்தம். அதன் முன்னால் ஷேர் ஆட்டோ இரண்டு, "சைதாப்பேட்டை, கிண்டி, கிண்டி" என்று ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கும். பஸ் வந்தால் ஓரம் கட்ட இடம் இருக்காது. இரண்டாவது தடத்தில் நிறுத்துவார் ஓட்டுநர். நிழற்குடையில் நின்ற ஜனம் இறங்கி ஓடிவந்து நடுரோட்டில் ஏறும். பின்னால் இன்னொரு பஸ் வந்து முதல் பஸ்ஸின் வாலை ஒட்டி நிற்கும், அதன் வால் சந்திப்புக்குள் இருக்கும். 10.5 மீட்டர் அகலம் இப்போது 7 மீட்டர்கூட இல்லை. 7 என்றே வைத்தாலும் பச்சைக்கு 61 கார் போன இடத்தில் 41-தான் போகும். இருபது போச்சு. முன்பு சுற்றுக்கு ஐந்து மிஞ்சியதற்கே ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் வரிசை என்று பார்த்தோம்.

இதில் ஓட்டுநரையும் ஷேர் ஆட்டோக்காரரையும் திட்டி என்ன பயன்? நிறுத்தம் சந்திப்பிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, பஸ் ஒதுங்க இடத்தோடு இருந்திருந்தால் இது நடக்காது. நிறுத்தம் சந்திப்பருகே இருப்பதற்கும் காரணம் உண்டு, பயணிக்கு மாறி ஏற அதுதான் வசதி. ஆனால் ஒரு நிறுத்தத்தை நகர்த்தும் செலவையும் ஒரு மேம்பாலத்தின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் அரசுகளுக்கு முதல் வகை வேலையில் ஆர்வம் வருவதே இல்லை, திறப்பு விழா நடத்த முடியாது என்பதாலோ என்னவோ.

பஸ்ஸைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. "அரை மணி நேரம் ஒண்ணும் வராது, வந்தா மூணு சேர்ந்து வரும்" என்ற புகாருக்கும் விளக்கம் இருக்கிறது, யாரும் டீக்கடையில் கூடிப் பேசிவைத்துக்கொண்டு புறப்படுவதில்லை. முன்னால் போகும் பஸ் ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் அந்த இரண்டு நிமிடத்துக்கான ஆட்களும் கூடுதலாகச் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏற நேரம் பிடிக்கும், தாமதம் மேலும் கூடும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆள் குறைவு, சட்டென்று கிளம்பி நெருங்கிவிடும். ஆறேழு நிறுத்தத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முதல் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள், இரண்டாவதில் சீட் காலியாக இருக்கும்.

ஒழுங்கு இருந்தால் சரியாகிவிடுமா?

"தடம் பார்த்து ஓட்டினாலே பாதி நெரிசல் போய்விடும்" என்று சொல்லாத ஆள் இல்லை. எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

2008-ல் ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகத்தின் சுகியாமா குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதை. 22 கார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே வருபவர் இல்லை, பஸ் நிறுத்தம் இல்லை, தடம் மாற வழியும் இல்லை. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சீராகப் போங்கள் என்பதுதான் உத்தரவு. கொஞ்ச நேரம் சீராகப் போனார்கள். பிறகு யாரோ ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்க, அவருக்குப் பின்னால் இருந்தவர் நின்றேவிட்டார். அந்தத் தேக்கம் ஓர் அலையாக மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. வேகத்தில் பின்பக்கமாக நகர்ந்தது. ஒவ்வொரு காரும் அலைக்குள் வந்து நின்று, பிறகு முன்னால் விடுபட்டுப் போயிற்று. ஜி.எஸ்.டி. சாலையில் தீபாவளிக்கு முந்தைய இரவு, பத்து நிமிடம் ஊர்ந்துவிட்டு, விபத்தோ பள்ளமோ எதுவும் இல்லாத இடத்தில் திடீரென்று வழி விடுபடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பகுதி இந்த அலைதான். ஒரு நீளத்துக்குள் ஓர் அளவுக்கு மேல் வண்டி சேர்ந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட ஒழுங்கும் தேக்கத்தைத் தடுக்காது. வண்டியின் அடர்த்தி கூடினால் வேகம் குறையும் என்பதை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலச் சாலைகளில் புகைப்படம் எடுத்து அளந்து கிரீன்ஷீல்ட்ஸ் என்பவர் 1930-களிலேயே காட்டிவிட்டார்.

இன்னொரு பக்கம், நம் தெருக்களின் ஒழுங்கின்மை என்று சொல்லப்படுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இந்தியப் பொறியாளர்கள் எல்லா வண்டிகளையும் காராக மாற்றி எண்ணுவார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1990-ஆம் ஆண்டு நகரச் சாலை விதிகளில், டூவீலர்கள் மிகுந்த சாலையில் ஒரு டூவீலர் முக்கால் கார், ஆட்டோ நிறைய ஓடும் சாலையில் ஓர் ஆட்டோ இரண்டு கார், பஸ் அதன் எண்ணிக்கையைப் பொறுத்து 2.2 முதல் 3.7 கார். ஆட்டோ எப்படி இரண்டு காராகும் என்று தோன்றும். இடத்தை மட்டும் பார்த்தால் ஆகாது. ஆனால் சவாரி தேடி ஓரமாக ஊர்வது, கை காட்டினால் சட்டென்று நிற்பது, இருக்கும் இடத்திலிருந்தே வளைப்பது ஆகிய எல்லாம் சேர்ந்து அது மற்றவர்களிடமிருந்து பறிக்கும் நேரத்தையும் அந்த எண் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சிக்னலில் நிற்கும்போதோ டூவீலர் முக்கால் கார் இடத்தை எடுப்பதில்லை. கார்களின் இடுக்கில் நுழைந்து முன்னால் போய்விடுகிறது. அந்த டூவீலர்களில் வரும் எல்லோரும் தனித்தனிக் காரில் வந்திருந்தால் அண்ணா சாலையின் நிலைமையை யோசிக்கவே வேண்டாம்.

பஸ்ஸுக்கும் இதே பார்வையைப் போட்டுப் பாருங்கள். மூன்றரைக் கார் இடத்தில் அறுபது எழுபது பேர். ஒரு காரில் சராசரியாக இரண்டு பேர்கூட இருப்பதில்லை. 61 கார் போகும் பச்சையில் நூறு பேர் போவார்கள். அதே பச்சையில் இரண்டே இரண்டு பஸ் போனால் அந்தக் கணக்கு தாண்டிவிடும், மிச்சம் 50-க்கு மேல் காருக்கு இடமும் இருக்கும்.

நீளமான பச்சை, யூ டர்ன், மேம்பாலம்

கூட்டம் கூடினால் போலீஸ்காரர் சிக்னலைத் தானே கையில் எடுத்துக்கொள்வார். ஒரு பக்கத்தை மூன்று நிமிடம், நான்கு நிமிடம் விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திறப்பார். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒவ்வொரு முறை பச்சை மாறும்போதும் மஞ்சளிலும், கிளம்பும் தாமதத்திலும் நான்கு விநாடி போல் வீணாகும். நான்கு பக்கச் சந்திப்பில் சுற்றுக்கு 16 விநாடி. சுற்று 60 விநாடி என்றால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வீண். 120 என்றால் நூற்றுக்கு 13. 240 என்றால் 7 மட்டும். ஆக, 60-லிருந்து 120-க்குப் போவதில் நல்ல லாபம். 120-லிருந்து 240-க்குப் போவதில் லாபம் நூற்றுக்கு ஆறு ஏழுதான், அதற்குக் கொடுக்கும் விலையோ பெரிது. மற்ற மூன்று பக்கமும் மூன்று நிமிடம் அடைந்து கிடக்கும், வரிசைகள் பின்னால் உள்ள சந்திப்புகளை எட்டிவிடும். நடந்து கடக்கிறவர் அவ்வளவு நேரம் நிற்கமாட்டார், கையைக் காட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்.

இதைவிடச் சாமர்த்தியமான வேலை, வலது திருப்பத்தை எடுத்துவிடுவது. நம்மைப் போல் இடது பக்கம் ஓட்டும் ஊரில் வலது திரும்புகிறவர் எதிர்த் திசையைக் குறுக்காக வெட்டியாக வேண்டும். அவருக்கென்று தனியே பச்சை கொடுக்க வேண்டியிருப்பதால்தான் சுற்று நான்கு துண்டாகிறது. வலது திருப்பத்தை மூடி, நேராகப் போய் யூ டர்ன் எடுத்து வா என்றால் இரண்டு துண்டு போதும். நம் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து பாதியாகிவிடும். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் இதைத்தான் செய்தார்கள். இந்திரா நகரில் யூ டர்னுக்கென்றே மேம்பாலம் கட்டி 2023-ல் திறந்தார்கள். தரையில் இருக்கும் யூ டர்ன்களில் பிரச்சினை வேறு விதம். வளைக்க இடம் கிடைக்காமல் நடுத்திட்டின் ஓரம் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, வேகமாகப் போக வேண்டிய வலது தடம் போய்விடும்.

மேம்பாலத்துக்கு வருவோம். சென்னையின் முதல் மேம்பாலமான ஜெமினி மேம்பாலம், அதாவது அண்ணா மேம்பாலம், 1973-ல் திறக்கப்பட்டது. 2008-ல் கத்திப்பாராவில் நான்கு திசைக்கும் வளைவுகளோடு பெரிய பாலம் வந்தது. ஒரு சந்திப்பிலிருந்து சிக்னலை எடுத்துவிட்டால் அங்கே 1,830 என்ற வரம்பு போய்விடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாலத்திலிருந்து இறங்குகிற வண்டி அடுத்த சிக்னலுக்குத்தானே போய்ச் சேர வேண்டும்? அந்தச் சிக்னலின் 61 மாறவில்லை. முன்பு இந்தச் சந்திப்பில் நின்ற வரிசை இப்போது அங்கே நிற்கும், இன்னும் வேகமாக வந்து நிற்கும். கத்திப்பாராவைச் சுற்றி வந்து கிண்டியில் நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சென்னையில் இது மற்ற ஊர்களைவிடக் கடுமை, ஏனென்றால் ஊரின் அமைப்பே அப்படி. கூவமும் அடையாறும் ஊரைக் குறுக்கே வெட்டுகின்றன, கடற்கரை–தாம்பரம் ரயில் பாதை நெடுக்கே வெட்டுகிறது. இவற்றைத் தாண்டும் இடங்கள் சில பாலங்களும் சுரங்கப்பாதைகளும்தான். அடையாற்றைக் கடக்க சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலம், கோட்டூர்புரம் பாலம், அடையாறில் திரு.வி.க. பாலம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டைப் பாலத்தை மூடியபோது ஊர் இரண்டானது. மழை பெய்தால் அரங்கநாதன், துரைசாமி மாதிரியான சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும். அங்கே போக வேண்டிய வண்டிகள் எல்லாம் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு வாய்களுக்குத் திரும்பும். ஏற்கெனவே 66 வரும் இடத்தில் 90 வந்தால் என்ன ஆகும் என்று இனி நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

சாலையைப் பெருக்கினால் வண்டியும் பெருகும் என்பதும் அளந்து பார்த்த விஷயம்தான். அமெரிக்க நகரங்களை எடுத்துக்கொண்டு டுராண்டன், டர்னர் என்ற இரண்டு பொருளாதார வல்லுநர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், நெடுஞ்சாலைத் தட நீளம் நூற்றுக்குப் பத்து கூடினால் ஓடும் தூரமும் ஏறக்குறைய அதே அளவு கூடுகிறது என்று கண்டார்கள். நெரிசலுக்குப் பயந்து ரயிலில் போனவர், ஏழு மணிக்கே கிளம்பியவர், சனிக்கிழமைக்குத் தள்ளிப்போட்டவர் எல்லோரும் சாலை திறந்ததும் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

எதிர்த் திசையில் செய்து பார்த்த ஊர் ஸ்டாக்ஹோம். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை, நகர மையத்துக்குள் வரும், வெளியேறும் வண்டிகளுக்குப் பகலில் கட்டணம் வசூலித்துப் பார்த்தார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டும் வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. வரிசைகளில் வீணான நேரமோ நூற்றுக்கு 30 முதல் 50 வரை குறைந்தது. நம் மே மாதக் கணக்கேதான். சோதனை முடிந்து கட்டணத்தை நிறுத்தியதும் வண்டிகள் திரும்பின. வாக்கெடுப்பு நடத்தி 2007 ஆகஸ்டிலிருந்து நிரந்தரமாக்கிவிட்டார்கள். சிங்கப்பூர் 1975-லேயே தொடங்கிய முறை இது. சென்னையில் இதைப் பேசுவதற்கு முன்னால், காரை விட்டுவிட்டு வருகிறவர் ஏறுவதற்குப் போதிய பஸ் வேண்டும். மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம் பஸ். அதை வைத்துக்கொண்டு கட்டணம் கேட்டால் அடிக்க வருவார்கள், வர வேண்டியதுதான்.

இப்போது அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கி.மீ. உயர்மட்டச் சாலைக்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கீழே மெட்ரோ சுரங்கம், மேலே பாலம் என்று பொறியியல் ரீதியில் சவாலான வேலை. நந்தனம், சி.ஐ.டி. நகர் சிக்னல்களில் நின்று நின்று போகிறவர்களுக்கு அந்த 3.2 கி.மீ. நிச்சயம் வேகமாகும். ஆனால் இறங்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே அதே மறைமலை அடிகள் பாலம், அதைத் தாண்டினால் சின்னமலை, கிண்டி. அங்கே ஒரு பச்சைக்கு எத்தனை வண்டி போகிறது என்பதை உயர்த்த என்ன செய்யப்போகிறார்கள் என்பது தனிக் கேள்வி. சைதாப்பேட்டை முனையில் பஸ் நிறுத்தம் எங்கே வரும், சர்வீஸ் சாலை வண்டிகளும் பாலத்து வண்டிகளும் எத்தனை மீட்டரில் ஒன்று சேரும், ஷேர் ஆட்டோக்களுக்கு ஓர் இடம் ஒதுக்குவார்களா என்பதெல்லாம் வரைபடத்தில் ஒரு மூலையில் வரும் சின்ன விஷயங்கள். பாலத்தின் பயனை முடிவு செய்யப்போவது அந்த மூலைதான்.